கைநாட்டுக்காரனின் அறிவு யாருக்குச் சொந்தம்?

'செய்து கற்றல்' என்கிற சொல்லுக்கு இப்போது நல்ல மவுசு. பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எங்கே கூட்டம் போட்டாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்த காலம் போய்விட்டது, இனி மாணவன் எந்திரத்தைத் தொட்டு, பிரித்து, மாட்டி, கெடுத்து, சரிசெய்து கற்பான் என்கிறார்கள். தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பித்திருக்கிறது. 2023இல் திறக்கப்பட்ட அந்தத் தொழில்நுட்ப மையங்களில் ரோபாட், சி.என்.சி., மின்வாகனம் என்று பிள்ளைகள் கையால் தொட்டுப் படிக்கிறார்கள். நல்ல விஷயம். நானும் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் நடத்துகிறவன்தான். அரத்தைக் கையில் பிடிக்காமல் அரத்தைப் பற்றிப் படித்து என்ன ஆகப்போகிறது என்று தினமும் சத்தம் போடுகிறவன்தான்.

ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கிற இந்தத் தோல் பூமியில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு கேள்வி விடாமல் அரிக்கிறது. கையால் கற்பதுதான் உயர்ந்த கல்வி என்றால், தலைமுறை தலைமுறையாகக் கையால் மட்டுமே கற்ற எங்கள் சனங்கள் ஏன் 'படிக்காத பசங்க' என்று பெயர் வாங்கினார்கள்? ஒரே வேலையைக் கல்லூரிப் பையன் செய்தால் அது பிராக்டிகல். சேரிக்காரன் செய்தால் அது குலத்தொழில். கைவேலை எந்த இடத்தில் கல்வியாகிறது, எந்த இடத்தில் சாதியாகிறது? இதைத் தீர்த்துக்கொள்ளாமல் நம் பிள்ளைகளைப் புதிய பட்டறைகளுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது.

தோல் வேலை தெரியாத தோழர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். உப்புக் கட்டி வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். முடி கழன்று, தோல் உப்பிக்கொள்ளும். சதையைச் சீவியெடுத்த பிறகு அம்மோனிய உப்பு போட்டுச் சுண்ணாம்பை இறக்க வேண்டும். அடுத்து 'பேட்டிங்', அதாவது என்சைம் போட்டுத் தோலை இளக்குவது. அப்புறம் உப்பும் ஆசிட்டும் சேர்த்த 'பிக்கிள்'. அதற்கப்புறம்தான் குரோம். டிரம்மிலிருந்து நீலமாக வெளியே வருவதற்கு 'வெட் புளூ' என்று பெயர்.

இதில் பேட்டிங் போதுமா போதாதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தோலைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். விரல் தடம் பதிந்து அப்படியே நின்றால் சரி. தடம் மறைந்து தோல் மேலெழும்பி வந்தால் இன்னும் நேரம் ஆக வேண்டும். தோல் தொழில்நுட்பப் பாடப் புத்தகங்களிலும் இந்தச் சோதனை இருக்கிறது. பல்கலைக்கழகத்துப் பாடமும் ஈரத்தில் நிற்கிறவனின் பழக்கமும் ஒரே கட்டைவிரலில் வந்து சேருகின்றன.

எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல் டேனரியில் ஈர வேலை பார்த்தவர். அவர் விரலை வைத்து, "ஆச்சு, விடு" என்றால்தான் அடுத்த வேலை. மேஸ்திரி கேட்பார், சூப்பர்வைசர் கேட்பார், பட்டம் வாங்கிக்கொண்டு புதுசாக வந்தவரும் பக்கத்தில் நின்று கேட்பார். சனிக்கிழமை சாயங்காலம் அதே கட்டைவிரலில் மை தடவி சம்பள நோட்டில் அமுக்குவார். பகலெல்லாம் சோதனைச்சாலையாக இருந்த விரல், சம்பள மேசைக்கு வந்ததும் கைநாட்டு. அந்த விரல் சொன்னதை நம்பித்தான் சரக்கு கப்பல் ஏறியது. அந்த விரலுக்குச் சொந்தக்காரனை மட்டும் அறிவுள்ளவன் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தென்னிந்தியத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பரப்பினார். 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. நாயுடம்மா போன்ற விஞ்ஞானிகள் அங்கே இருந்துகொண்டு தோலை அறிவியலாக்கினார்கள். அழுக்கு வேலை என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு போட்டது. அதன் பிறகு முழுதாக முடித்த தோல், ஷூ அப்பர், ஷூ என்று இந்தப் பகுதி மாறியது. இன்று ஆம்பூர்ப் பக்கம் காலையில் கம்பெனி பஸ்களில் போகிற ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் எந்திரத்தில் உட்காரப் போகிறவர்கள்.

இந்த மாற்றத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தோலில் ஈரம் காயக் காயத் தீட்டும் காய்ந்துகொண்டே வருகிறது. சுண்ணாம்பு, சதை, தொட்டி என்கிற இடத்தில் நம் ஆட்கள்தான். இப்போது அவர்களோடு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள். காய்ந்த தோல், வண்ணம், டிசைன், ஏற்றுமதிக் கணக்கு என்று மேலே போகப் போக எல்லாச் சாதியும் வந்து உட்காருகிறது. ஷூ டிசைன் படிக்கிற மாணவரை யாரும் சாதி சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆக, தீட்டு தோலில் இல்லை. ஒருவன் அந்த வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதில் இருக்கிறது. தேர்ந்தெடுத்து வந்தவனுக்கு அது துறை. பிறந்து விழுந்தவனுக்கு அது விதி.

இவ்வளவு சொன்னதால் கையறிவைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் இலக்கியக் கூட்டங்களில் அப்படி ஒரு போக்கு இருக்கிறது. 'எங்கள் முன்னோர்க்கு எல்லாம் தெரியும், புத்தகம் எதற்கு' என்கிற பேச்சு. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அந்த இனிப்பு ஆளைக் கொல்லும்.

சுண்ணாம்புத் தண்ணீரில் சல்ஃபைடு இருக்கிறது. அந்தத் தண்ணீர் காரமாக இருக்கிறவரை அது அடங்கிக் கிடக்கும். பிக்கிள், குரோம் டிரம்களிலிருந்து வரும் ஆசிட் தண்ணீர் அதோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனம். தொட்டியின் அடியில் தங்கிவிடும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே சாகடித்துவிடும். நாற்றம் நின்றுபோகும். எங்கள் தெருப் பெரியவர்கள் தொட்டி வேலையைப் பற்றிச் சொன்ன விதி என்ன தெரியுமா? "நாத்தம் கம்மியாயிட்ச்சின்னா தைரியமா எறங்கலாம்டா, ஒண்ணும் ஆவாது." பல வருஷ அனுபவம் கற்றுக்கொடுத்த விதி. நூறு தடவை சரியாக இருந்திருக்கும். நூற்றியோராவது தடவை, நாற்றம் இல்லை என்பதே ஆபத்தின் அடையாளம். மூக்கு பொய் சொல்லும் இடத்தில் வேதியியல்தான் உண்மை சொல்லும். முதலில் இறங்கினவன் விழுந்தால் அவனைத் தூக்க அடுத்தவன் இறங்குவான், அவனும் விழுவான். பாசத்தால் இறங்குகிறவனுக்கும் அந்த வாயுவின் பெயர் தெரியாது.

அந்தப் பெயர் தெரிந்தவர்கள் அதே வளாகத்தில்தான் இருந்தார்கள். பக்கத்து அறையில், கண்ணாடிக் குடுவையோடு இருந்தார்கள். சுண்ணாம்பு இறங்கியதா என்று பார்க்க, தோலை வெட்டி அந்த வெட்டுமுகத்தில் பினாப்தலீன் சொட்டு விடுவார்கள். இளஞ்சிவப்பாக மாறினால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு மிச்சம். எங்கப்பா அந்தச் சிவப்பை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். "அது இன்னா தண்ணி சார், ஏன் செவக்குது?" என்று ஒரு தடவை கேட்டாராம். "உன் வேலையைப் பாரு" என்று பதில். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தக் கம்பெனியிலும் கிடைத்திருக்கக்கூடிய பதில்தான் அது.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. கையா மூளையா என்று சண்டை போடுவதில் பொருளில்லை. 'ஏன்' என்று கேட்கிற உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைப் பாருங்கள். கல்லூரி மாணவன் டிரம்முக்குள் கைவிடுகிறான் என்றால், அவன் 'ஏன்' என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆசிரியர் சம்பளம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். அந்தக் கேள்விக்கு அவனுக்கு மார்க்கும் உண்டு. தொழிலாளி கேட்டால் திமிர். ஒரே தோல், ஒரே டிரம், ஒரே கட்டைவிரல். ஒருவன் படிக்கிறான், மற்றவன் பழக்கப்படுத்தப்படுகிறான். மாட்டையும்தான் பழக்குகிறோம்.

பாலாறு செத்த கதையிலும் இதே பிரிவினைதான். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. வரலாற்றுத் தீர்ப்புத்தான். குரோமியம் பற்றியும் உப்பு பற்றியும் வக்கீல்கள் படித்தார்கள், நிபுணர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரைத் தினமும் திறந்துவிட்ட கைகளுக்குக் கிடைத்த பாடம், 'கம்பெனி மூடினால் சோறு போச்சு' என்பது மட்டும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அந்தத் தொட்டி எவ்வளவு தாங்கும் என்று அங்கே படுக்கப் போனவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

'ஏன்' என்பது ஓர் உரிமை. இன்னொரு உரிமையும் இருக்கிறது. அது, விட்டுப் போகிற உரிமை.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நமக்கெல்லாம் தெரியும். கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். இன்றைய மொழியில் சொன்னால் அதுவும் 'செய்து கற்றல்'தானே? கையால் உழைப்பதன் மதிப்பு என்றுதானே அதற்கும் நியாயம் சொன்னார்கள்? பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அந்தத் திட்டத்தில் கை வேலை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. தகப்பன் தொழிலைத் தாண்டிப் போக வழி இருந்ததா என்று கேட்டார்கள். வழி இல்லை.

இதற்கு முன்பே அம்பேத்கர் காந்தியோடு இதே இடத்தில் மோதினார். தகப்பன் தொழிலைப் பிள்ளை தொடர்வதே வருணம் என்று காந்தி சொன்னபோது, நீங்கள் பனியா குலத்தில் பிறந்தும் தராசு பிடிக்காமல் வக்கீலுக்குப் படித்தீர்களே, உங்கள் மகன் பார்ப்பனர் வீட்டில் பெண்ணெடுத்துப் பத்திரிகை வேலைக்குப் போனாரே என்கிற பொருளில் அம்பேத்கர் திருப்பிக் கேட்டார். அந்தப் பார்ப்பனர் ராஜாஜிதான். தங்களுக்குத் தேவைப்பட்டபோது விட்டுப்போன ஒன்றை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒழுக்கமாகப் போதித்தார்கள்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். செய்து கற்பது என்கிற கல்விக் கொள்கையை உலகத்துக்கே பரப்பிய அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கரின் ஆசிரியர். 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் அங்கே படித்தார். 1916இல் டூயி ஜனநாயகத்தையும் கல்வியையும் பற்றி எழுதிய நூலிலேயே, தொழிற்கல்வி என்பது இருக்கிற தொழில் அமைப்புக்கு ஆள்பிடித்துக் கொடுக்கிற வேலையாகக் குறுகிவிடக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆசிரியரிடம் படித்த மாணவர் கைவேலையை வெறுக்கவில்லை. பிறப்பை வைத்துக் கைக்கு வேலை ஒதுக்குவதை வெறுத்தார். நம்மவர்களில் சிலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்பவர்களுக்கு ஒரு புதிய கதை. 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 பாரம்பரியத் தொழில்கள். செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், துணி வெளுப்பவர், குயவர், தச்சர் எல்லாம் அதில் அடக்கம். ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன். பணம் ஏழைக்குப் பயன்படாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குரு-சிஷ்யப் பரம்பரை, குடும்பத் தொழில் என்கிற சொற்களோடு 18 வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். 18 வயதில் கூப்பிட வேண்டியது கல்லூரிக்கா, தகப்பன் குடிசைக்கா? குடும்பம் அந்தத் தொழிலைப் பாரம்பரியமாகச் செய்திருக்க வேண்டும் என்கிற நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று தமிழக அரசு கேட்டது. அது நடக்காததால் 2024 நவம்பரில் அத்திட்டத்தை இந்த வடிவத்தில் ஏற்க முடியாது என்றது. 2025 ஏப்ரலில் சாதி, குடும்பம் பார்க்காமல், 35 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. சரியான எதிர்ப்பு. 1953ஐ மறக்காதவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

அப்படியானால் தோலை அடியோடு விட்டுவிடலாமே என்று தோழர்கள் கேட்கலாம். 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, இனிச் செத்த மாட்டை எடுக்க மாட்டோம் என்று நம் மக்கள் கலெக்டர் ஆபீஸ் முன்னாலேயே கொண்டுவந்து போட்டார்கள். அந்த மறுப்பு அறிவு சார்ந்த செயல். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த வேலைக்கு எவ்வளவு திறமை வேண்டும் என்று ஊருக்கு விளங்கியது. நம் பறையையும் நினைத்துப் பாருங்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்களும் நாம்தான். மேடையேற்றி, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கிறவர்களும் நாம்தான். மறுக்க முடிந்தபிறகுதான் அது கலையாக நம் கைக்குத் திரும்பியது. தோலும் அப்படித்தான். விட்டுப்போக முடிகிறவன் அதில் தங்கினால் அது அவன் தொழில். போக முடியாதவன் தங்கினால் அது அவன் சிறை.

இந்த இரண்டு உரிமைகளையும் கையில் வைத்துக்கொண்டு இன்றைய ஏற்பாடுகளைப் பார்ப்போம். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது விட்டுப்போகிற வழி, ஏறிப்போகிற வழி. காப்பாற்ற வேண்டியது. ஆனால் டேனரியில் இருபது வருஷம் கட்டைவிரல் வைத்தவருக்கு எந்த வாசல்? 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. சில மணி நேர வகுப்பு, ஒரு சோதனை, ஒரு சான்றிதழ். அந்தச் சான்றைக் கொண்டு டிப்ளமோ வகுப்பில் போய் உட்கார்ந்த ஒரு தோல் தொழிலாளியையும் நான் எங்கள் பக்கம் சந்தித்ததில்லை. இருக்கிற இடத்திலேயே இருக்கச் சொல்லிக் கையில் ஒரு காகிதம் கொடுப்பது அங்கீகாரம் ஆகாது.

1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. அதன்படி பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுகிறவர். உதவித்தொகை உண்டு, தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது. நல்ல நிறுவனத்தில் இது கல்வி. மற்ற இடத்தில் மலிவுக் கூலி. பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டு ஒரு வருஷம் முழுக்க ஒரே துளையைப் போட வைத்தால், அங்கே கற்றது துளை போடுகிறவனா, கம்பெனியா? இரட்டைக் கல்விக்கு ஜெர்மனியை உதாரணம் காட்டுவார்கள். அங்கே பழகுநர் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்குப் போகிறார். அந்த நாளில் அவருக்கு 'ஏன்' என்பதற்குப் பதில் கிடைக்கிறது. தேர்வை முதலாளி நடத்துவதில்லை, தொழிற்சபை மன்றங்கள் நடத்துகின்றன. ஆனால் அங்கேயும் சிறு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகளும் குடியேறிகளின் பிள்ளைகளும் கீழ்த்தட்டில் அதிகம் விழுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து எந்திரம் வாங்கலாம். நியாயத்தை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு வேலையைச் செய்து காட்டிய மாணவன், அதை ஏன் அப்படிச் செய்தான் என்று தன் சொந்தப் பேச்சிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மார்க் பாதிதான். புத்தகத் தமிழ் வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். "சார், வேகமா தேச்சா சூடாவுது, சூடானா அளவு மாறுது" என்றால் போதும். காலனியிலிருந்து வருகிற பிள்ளைகள் முதலில் திணறுவார்கள். கை சரியாகச் செய்யும், வாய் திறக்காது. கேட்டால் அடி விழும் என்று யாரோ எப்போதோ கற்றுக்கொடுத்த பாடம் அது. அந்த வாய் திறக்க மூன்று மாசம் ஆகும். திறந்த பிறகு அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தேடி நான் ராத்திரி புத்தகம் புரட்ட வேண்டியிருக்கிறது.

அதனால் நம் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் திறன் பயிற்சி என்று எது வந்தாலும் இந்த இரண்டையும் கேட்க வேண்டும் என்கிறேன். இங்கே வேலை கற்கிறவன் 'ஏன்' என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா? கற்ற பிறகு வேறு இடத்துக்குப் போக அவனுக்குக் கதவு திறந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ரோபாட்டானாலும் சரி, தோலானாலும் சரி, நம் பிள்ளைகள் போகட்டும். இல்லை என்றால், எவ்வளவு பளபளப்பான எந்திரம் வைத்திருந்தாலும் அது பழைய சுண்ணாம்புத் தொட்டிதான். ஒவ்வொரு டேனரியிலும் தொட்டிக்கு இறங்குகிறவருக்கு அந்த வாயுவின் பெயரும் குணமும் தமிழில் சொல்லிக்கொடுக்கப்பட வேண்டும், சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கும் கூலி தர வேண்டும் என்பதிலிருந்து நம் கோரிக்கையைத் தொடங்கலாம். அதற்கு 2,877 கோடி தேவையில்லை.